என் மகள் சொன்ன ஒரே பொய்

“நம்பாதவங்க நம்புறேன்னு சொன்னா, சாமிக்கு அது பொய்யின்னு தெரிஞ்சிராதாம்மா?”

என் மகள் மாதா கோயில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே இதைக் கேட்டாள். போன கோடை விடுமுறையில். “பஸ் வந்துரும், நட” என்று அவளுடைய பையை வாங்கிக்கொண்டேன். பஸ் வர இன்னும் நேரமிருந்தது. அவளுக்கும் அது தெரியும். நிறுத்தத்தில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.  

சேலத்துக்கு மேலே மலையில், நாகலூர் போகிற வழியில் ஒரு காப்பி எஸ்டேட்டில் என் கணவர் ரைட்டராக இருக்கிறார். காலையில் ஆள்களுக்கு ஆஜர் போட்டு, யார் எந்தக் காட்டில் வேலை செய்ய வேண்டும் என்று பிரித்துவிடுவது அவருடைய வேலை. எஸ்டேட் கொடுத்த வீட்டில்தான் இருக்கிறோம். நான் பி.எட். முடித்து ஒரு பள்ளியில் கொஞ்ச நாள் பாடம் எடுத்தேன். மகளுக்கு ஆட்டிசம் என்று சேலத்து டாக்டர் சொன்ன பிறகு வேலையை விட்டுவிட்டேன். விட்டிருக்க வேண்டுமா என்று இப்போதும் யோசிக்கிறேன். நான் எதைச் செய்தாலும் பின்னாலேயே அந்த யோசனையும் வந்துவிடும்.

அவள் தாமதமாகத்தான் பேசினாள். இப்போது தெளிவாகப் பேசுகிறாள், ஆனால் எல்லாவற்றையும் ஒரே சத்தத்தில். ரகசியம் சொல்லும்போது குரலைத் தாழ்த்த வேண்டும் என்பது அவளுக்குத் தோன்றாது. யாராவது கன்னத்தைத் தொட்டால் பிடிக்காது. துணியின் தையல் உறுத்தினால் அன்றைக்கு முழுதும் சாப்பிடமாட்டாள். கூட்டம் என்றால் ஓடிவிடுவாள். கோயில் கூட்டத்தில் மட்டும் இருப்பாள். தூணோரமாக உட்கார்ந்து, கீபோர்டு வாசிக்கும்போது பெஞ்சுப் பலகையில் உள்ளங்கையை வைத்து அந்த அதிர்வைக் கவனித்துக்கொண்டிருப்பாள். எல்லா ஜெபமும் அவளுக்கு மனப்பாடம். பெரியவர்கள் தடுமாறுகிற இடத்தில்கூட அவள் குரல் நிற்காது. அதை வைத்து அவளுக்கு விசுவாசம் இருக்கிறது என்று நாங்களாக முடிவுசெய்துகொண்டோம். அவளை யாரும் கேட்டதில்லை.

அவளுக்குப் பிறகு எனக்கு ஒரு மகன் பிறந்தான். சேலம் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். பிழைக்கமாட்டான் என்று நர்ஸ் சொன்னதும், கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் கணவரே அவன் நெற்றியில் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தார். ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று எங்களுக்குச் சின்ன வயதிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள். மலைக்குக் கொண்டுவந்து எங்கள் பங்குக் கோயிலின் கல்லறையில் அடக்கம் செய்தோம். அவன் மோட்சத்தில் இருக்கிறான். இதை நான் நம்புகிறேன். நம்பாமல் போனால் என்னால் ஒரு வாய் சோறு இறக்க முடியாது. என்றாவது ஒருநாள் நாங்கள் நாலு பேரும் அங்கே ஒன்றாக இருப்போம் என்பதை வைத்துத்தான் என் நாள்கள் ஓடுகின்றன.

இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால், ஒரு சடங்குக்காகவா இந்த அம்மா இவ்வளவு அழுகிறாள் என்று உங்களுக்குத் தோன்றும்.

போன வருடம் அவளைப் புதுநன்மை வகுப்பில் சேர்த்தோம். பூசையில் கொடுக்கிற நற்கருணை அப்பத்தைப் பிள்ளைகள் முதல்முறையாக வாங்குவதற்கான தயாரிப்பு அது. திருநாளன்று பிள்ளைகள் மெழுகுவர்த்தியுடன் வரிசையாக நிற்பார்கள். ஃபாதர் எங்கள் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, “விசுவசிக்கிறீர்களா?” என்பார். எல்லாரும் ஒரே குரலில் “விசுவசிக்கிறேன்” என்று சொல்ல வேண்டும். இதைத்தான் வகுப்பு சிஸ்டர் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துப் பழக்கினார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். என் மகள் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

“என்ன கண்ணு, நீ மட்டும் கம்முனு நிக்கற?” என்றார் சிஸ்டர்.

“எனக்கு விசுவாசம் இல்லீங்க சிஸ்டர்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். சிஸ்டரும் சிரித்துவிட்டு, “அப்படியெல்லாம் சொன்னா சாமி வந்து காதைத் திருகிடுவாரு” என்றார்.

“அவருக்குக் கை இருக்குதுங்களா?” என்று என் மகள் கேட்டாள். கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவளுக்குக் கேலி செய்யத் தெரியாது.

வீட்டுக்கு வந்து அவளுக்குத் தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே, ஒன்றும் நடக்காதது போலக் கேட்டேன். “சாமி இல்லைன்னு யாராச்சும் சொன்னாங்களா கண்ணு?”

“யாரும் சொல்லல.”

“அப்புறம் எப்ப இருந்து இப்படித் தோணுது?”

“எப்பவுமே. நான் தேடிப் பார்த்தேன். எனக்கு அப்படி யாரும் இருக்கற மாதிரி தெரியல.”

“தினம் ஜெபம் சொல்றியே?”

“நீங்க சொல்லச் சொன்னீங்க. ஜெபம் பாட்டு மாதிரி, எனக்குப் புடிக்கும். ‘நான் விசுவசிக்கிறேன்’னு சொன்னா அது பாட்டு இல்ல. அது என்னப் பத்திச் சொல்றது.”

தோசை கருகியது. அதைத் தட்டில் எடுத்துவைத்தேன். கருகியதை அவள் தொடமாட்டாள் என்பதுகூட நினைவில் இல்லை.

அப்போதே நான் விட்டிருக்கலாம். ஆனால் என் மனதில் வேறு கணக்குகள் ஓடின. எங்கள் பங்கில் புதுநன்மை வாங்காமல் எந்தப் பிள்ளையும் இருந்ததில்லை. நாளைக்கு நாங்கள் இல்லாமல் போனால் இவளை எட்டிப் பார்க்கப்போவது இந்தக் கோயில் மனிதர்கள்தான். இதையெல்லாம்விடப் பெரிய பயம் ஒன்று அடியில் கிடந்தது. அதை எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. “எல்லாரும் சொல்றப்ப நீயும் சேர்ந்து சும்மா சொல்லிரு கண்ணு. அம்மாவுக்காக” என்றேன்.

“அம்மாவுக்காகன்னா?”

“அம்மா சந்தோஷப்படுவேன்.”

அவள் வெகுநேரம் யோசித்தாள். அடுத்த வகுப்பில் சொன்னாள். மற்ற பிள்ளைகளைவிடச் சத்தமாக, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, “விசுவசிக்கிறேன்” என்றாள். சிஸ்டர் கைதட்டி அவளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். அதை அவள் என் கையில் வைத்துவிட்டாள். மிட்டாயை வேண்டாம் என்று சொல்கிற பெண் இல்லை அவள். அதற்குப் பிறகுதான் வாசலில் செருப்பு மாட்டும்போது அந்தக் கேள்வி வந்தது.

திருநாளுக்கு முதல் நாள் மாலை பிள்ளைகளுக்கு முதல் பாவசங்கீர்த்தனம். ஒரு மரத் தடுப்புக்குப் பின்னால் ஃபாதர் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொருவராக முழந்தாளிட்டுச் செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்க வேண்டும். வரிசையில் நின்ற பிள்ளைகள் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள்.

“டேய், எனக்கு ஒரு பாவமும் ஞாபகம் வரல. உன்னுதுல ஒன்னு குடுடா.”

“போடா, எனக்கே பத்தல.”

பின்னால் பெஞ்சில் இருந்த அம்மாக்கள் நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டோம். நானும்தான். அப்போது என் மகளின் முறை வந்தது. கிசுகிசுக்கத் தெரியாத அவள் குரல் கோயில் முழுக்கக் கேட்டது.

“பொய் சொன்னேனுங்க ஃபாதர். ஒரே ஒரு பொய். விசுவசிக்கிறேன்னு சொன்னேன். எனக்கு விசுவாசம் இல்லீங்க. அம்மா சந்தோஷப்படறதுக்குச் சொன்னேன். அது தப்பு.”

வரிசை அப்படியே அடங்கிவிட்டது. ஃபாதர் ஏதோ மெதுவாகப் பேசினார். அது எங்களுக்குக் கேட்கவில்லை. “வருத்தப்படறேனுங்க” என்று அவள் சொன்னது கேட்டது. பிறகு “சரிங்க” என்றாள். எழுந்து வந்து பீடத்துக்கு முன்னால் ஒரு ஜெபம் சொன்னாள். என்னிடம் வந்து, “இப்ப லேசா இருக்குதும்மா” என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த வரிசையில் பாவசங்கீர்த்தனத்தைச் சரியாகச் செய்த ஒரே பிள்ளை அவள்தான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்குத் தரை பிளந்தால் நல்லது என்றிருந்தது.

வெளியே வந்ததும் கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருக்கிற அக்கா என் தோளைத் தட்டினார். “ஏனுங்க, உங்க பாப்பாவுக்கு மைக்கே வேண்டாம் போலிருக்குதுங்க!”

இன்னொருவர், “எங்க ஊட்டுதும் ஒன்னத்தையும் நம்பறதில்லீங்க. ஆனா வாய மூடிக்கிட்டு வாங்கிக்கும். அது வெவரம்” என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

மூன்றாவதாக ஒரு குரல், என் காதில் விழ வேண்டும் என்றே, “அவங்கம்மா நொம்பப் படிச்சவங்க, அதான்” என்றது.

பாவசங்கீர்த்தனத்தில் நடந்ததைக் கேட்கக் கூடாது. நானும் கேட்கவில்லை. அவளாகவே வழியெல்லாம் சொன்னாள். பொய் சொன்னதற்கு வருத்தப்படுகிறாயா என்று ஃபாதர் கேட்டாராம். இனிமேல் சொல்லாதே என்றாராம். சரி என்றாளாம். “அதனால நாளைக்கு நான் சொல்ல மாட்டேன்” என்று முடித்தாள். ஃபாதரிடம் போய்ப் பேசலாம் என்றால் அங்கே கேட்டதைப் பற்றி ஃபாதர்மார் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. மறுநாள் காலை எங்களைப் பார்த்தபோதும் “நல்ல பிள்ளை” என்று மட்டும் சொல்லிவிட்டு உடை மாற்றப் போய்விட்டார்.

என் கணவர் முதல் நாள் இரவே இதைக் கேட்டுச் சிரித்தார். “எங்க எஸ்டேட்ல ஒருத்தரும் நம்பாமயே எல்லாத்துக்கும் ‘ஆமாங்க சார்’ங்கறாங்க. உம்பொண்ணு கடவுளுக்கே சொல்ல மாட்டேங்கறா. விடும்மா.” கொஞ்ச நேரம் கழித்து, சிரிப்பில்லாமல், “அவளுக்கும் சேர்த்து நாம நம்பிக்கலாம்” என்றார். அப்படி நம்ப முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

வெள்ளை கவுன் தைத்தாகிவிட்டது. தையல் உறுத்தாமல் இருக்க உள்ளே மெல்லிய துணி வைத்துத் தைக்கச் சொல்லியிருந்தேன். அவளுக்கு அந்தக் கவுன் பிடித்திருந்ததால் போட்டுக்கொண்டு வந்தாள். ஆனால் பிள்ளைகளின் வரிசைக்குப் போகாமல் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மற்ற பிள்ளைகள் நற்கருணை வாங்கி முடிந்ததும் பெரியவர்கள் எழுந்தோம். நானும் போனேன். பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். எங்கள் பக்கத்துப் பெஞ்சுகள் எல்லாம் காலியாக இருந்தன. தூணோரம் வெள்ளை கவுனில் அவள் மட்டும், உள்ளங்கையைப் பலகையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து, போங்க என்பது போலத் தலையாட்டினாள்.

அடியில் கிடந்த பயம் அந்த நிமிடத்தில் மேலே வந்துவிட்டது. நான் போகிற இடத்துக்கு இவள் வரமாட்டாளா? ஒரு பிள்ளை அங்கே இருக்கிறான். நான் அவனிடம் போய்ச் சேரும்போது இவள் இப்படித்தான் பின்னால் தனியாக உட்கார்ந்திருப்பாளா? நற்கருணையை நாக்கில் வாங்கினேன். திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. அன்று சாரலும் பனிமூட்டமுமாக இருந்தது. நானும் அவளும் மகனின் கல்லறைக்குப் போனோம். வழியில் ஈரத்துக்கு வெளியே வந்திருந்த நத்தைகளை அவள் ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் விட்டுக்கொண்டே வந்தாள். யாரும் மிதித்துவிடக் கூடாதாம். அதனால் நேரமாகிவிட்டது. சிலுவையில் படிந்திருந்த பாசியை நகத்தால் சுரண்டி எடுத்தாள். சாமந்தியைப் பரப்பினோம். மெழுகுவர்த்தி அணைந்து அணைந்து போனது. கையைக் குவித்துக் காற்றை மறைத்தாள்.

“தம்பி மோட்சத்துல இருந்து நம்மளப் பாத்துட்டு இருப்பான்” என்றேன். வழக்கமாக நான் சொல்கிற வார்த்தைதான்.

 “இதுக்கு நான் பதில் சொல்லட்டுமா, வேண்டாமா?” என்று கேட்டாள்.

“வேண்டாம் கண்ணு.”

“சரிம்மா.”

மெழுகுவர்த்தி கரைந்து முடியும் தறுவாயில் நானே தாங்காமல், “அப்ப நீ எதுக்கு வந்த?” என்றேன்.

“நீங்க அழுவீங்க. அழறப்ப உங்களால குடையப் புடிக்க முடியாது.”

உண்மைதான். நான் அழுதுகொண்டிருந்தேன். குடை அவள் கையில் இருந்தது. எனக்கு மேலே பிடித்திருந்ததில் அவள் முதுகு முழுக்க நனைந்துவிட்டிருந்தது. “தம்பி இல்லாதது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குது. அதுக்காக இருக்கான்னு சொல்ல வராது” என்றாள்.

இப்போது மறுபடியும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். கோடை மழைக்குக் காப்பி பூத்து எஸ்டேட் முழுக்க மணக்கிறது. புது வகுப்பு தொடங்கியிருக்கிறது. போன ஞாயிறு சிஸ்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். நல்லவர். என் மகளுக்காக நோன்பு இருப்பவர்.

“நான் யோசிச்சுப் பார்த்தேனுங்க. இந்த மாதிரி பிள்ளைங்களுக்குப் பாவமே ஒட்டாதுங்க. அதுக்குப் புரியாது, பாவம். பதிலே சொல்ல வேண்டாம், சும்மா வரிசையில நின்னு வாங்கிக்கட்டும். புரியாத பிள்ளைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, ஃபாதர்கிட்ட நான் பேசிக்கறேன். ஆண்டவர் இதையெல்லாம் கணக்குல வைக்க மாட்டாருங்க.”

என் நெஞ்சிலிருந்து ஒரு பாறை நகர்ந்தது. ஆண்டவர் கணக்கில் வைக்கமாட்டார் என்றால் இவளும் அங்கே வருவாள். நாலு பேரும் இருப்போம். “சரிங்க சிஸ்டர்” என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன்.

பக்கத்தில் நின்ற என் மகள், “எனக்குப் புரியுதுங்க சிஸ்டர். புரிஞ்சுதான் சொன்னேன்” என்றாள்.

சிஸ்டர் சிரித்துக்கொண்டே அவள் கன்னத்தைத் தொட்டார். “பாத்தீங்களா, எவ்வளவு வெள்ளந்தியா பேசுது!” என் மகள் முகத்தைச் சுருக்கிக்கொண்டு ஓர் அடி பின்னால் போனாள். “யோசிச்சுச் சொல்றேனுங்க” என்று நான் அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கான வாட்ஸ்அப் குழு ஒன்றில் நான் இருக்கிறேன். அதில் ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் சிலரும் இருக்கிறார்கள். யார் பேரும் சொல்லாமல் இதை எழுதிக் கேட்டேன். அவர்களில் ஒரு பெண், குரல் பதிவில் பதில் அனுப்பியிருந்தார். “எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. வீட்டுல திட்டினாகூட நான் தாங்கிக்குவேன். ‘அவளுக்கு ஆட்டிசம், அதனாலதான் அப்படி’ன்னு மன்னிச்சு விடுறாங்க பாருங்க, அதுதான் தாங்கல. இந்தக் குழுவுலயே ஒரு தம்பி இருக்காரு, தினமும் விடிகாலையில கோயிலுக்குப் போறவரு. அவரு பக்தியையும் ‘அது அவனுக்கு ஒரு பழக்கம்’னு சொல்லிடறாங்க. அவர் நம்பினாலும் நோய், நான் நம்பாட்டியும் நோய். நாங்களா யோசிச்சதுன்னு எதுவுமே இல்லையா?”

அந்தக் குரலை நான் பலமுறை கேட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் என் மகள் பெரியவளாகிப் பேசுவது போலவே இருக்கிறது.

அவள் எதையும் நம்பாதவள் இல்லை. ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, “உனக்கு எதுலதான் நம்பிக்கை?” என்று கேட்டேன். “சொன்னா சொன்ன மாதிரி இருக்கணும். உசுரோட இருக்கறத மிதிக்கக் கூடாது. அழறவங்களத் தனியா விடக் கூடாது” என்றாள். இதைத்தானே கோயிலிலும் சொல்கிறார்கள் என்று எனக்குள் ஒரு நப்பாசை எழுந்தது. உடனே அதையும் சந்தேகப்பட்டேன். அவள் யோசித்து வைத்திருப்பதை எடுத்து என் பெட்டிக்குள் போட்டுக்கொள்ளப் பார்க்கிறேனோ?

வருகிற ஞாயிறு சிஸ்டர் பதில் கேட்பார். புரியாத பிள்ளை என்று நான் சொன்னால் அவளுக்கு ஓர் இடம் கிடைக்கும், இங்கேயும், நான் நம்புகிற அங்கேயும். ஆனால் அதைச் சொல்லும்போது அவள் என் பக்கத்தில்தான் நிற்பாள். பேச்சு வராமல் இருந்த காலத்தில்கூட நான் அவளைப் புரியாத பிள்ளை என்று யாரிடமும் சொன்னதில்லை. புரிந்த பிள்ளை என்று சொன்னால், அவள் வேண்டாம் என்று சொன்னதை நானும் ஏற்றுக்கொள்ள வேண்டும். பிறகு என் மகனிடம் போகும்போது இவளை விட்டுவிட்டுப் போகிற பயத்தோடு மீதி நாளைக் கழிக்க வேண்டும்.

இதைப் படிக்கிற உங்களில் இப்படி ஒரு பிள்ளையை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். நீங்களே அப்படி ஒரு பிள்ளையாக வளர்ந்தவர்களும் இருக்கலாம். வளர வளர மாறிவிடுவாள் என்று மட்டும் எழுதாதீர்கள். மாறினால் மாறட்டும், இப்போது அவளுக்குப் பத்து வயது, இப்போது நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். விசுவாசம் உள்ளவர்களானாலும் இல்லாதவர்களானாலும் சரி, எனக்குச் சொல்லுங்கள். சிஸ்டரிடம் நான் என்ன சொல்லட்டும்? செருப்பை மாட்டிக்கொண்டே அவள் கேட்டாளே, அதற்கு அவளிடம் என்ன சொல்லட்டும்?